மலிவான கருவி எது?

மாணவர் மன்றங்களின் விழாக்கள் நெருங்கும் காலத்தில் என்னிடம் ஒரே கேள்வி பலர் வாயிலாக வந்து சேர்கிறது. சமூக ஊடகத்தில் வெளியிட ஒரு படம் செய்ய வேண்டும். ஒரு சிறு காணொளி தொகுக்க வேண்டும். இவற்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் கருவி எது? கேட்பவர் கையில் கைப்பேசி இருக்கிறது. பையில் பணம் இல்லை. ஆகவே கேள்வி நியாயமானதே. ஆயினும், ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி அவரை அனுப்பிவிட எனக்கு மனம் ஒப்புவதில்லை. கருவிக்குக் கொடுக்கும் விலை வேறு. கருவியால் நேரும் செலவு வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இவ்வேறுபாடு இன்று தோன்றியதன்று. 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் கோடக் என்னும் சிறு புகைப்படப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் விலை 25 டாலர். 100 படங்கள் எடுப்பதற்குரிய சுருள் அதனுள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. இருட்டறையும் இரசாயனப் பொருள்களும் அறியாத எவரும் விசையை அழுத்திப் படம் எடுக்கலாம் என்ற நிலை அதனால் வந்தது. ஆனால் 100 படங்களும் எடுத்து முடிந்ததும் பெட்டியை அப்படியே ராச்செஸ்டர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச்சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் 10 டாலர். 1900ஆம் ஆண்டில் அதே நிறுவனம் பிரவுனி என்ற பெட்டியை ஒரே டாலருக்கு விற்றது. பெட்டியின் விலை குறைந்தது. சுருள் வாங்கும் செலவு மட்டும் நிற்கவில்லை. மக்களுக்கு ஒரு கலையை எளிதாக்கித் தந்த அப்பெட்டியை நாம் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் அதை வாங்கியவர் இரண்டு விலைகளைக் கணக்கிட வேண்டியிருந்தது. உள்ளே நுழைவதற்குக் கொடுக்கும் விலை ஒன்று. உள்ளே இருப்பதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும் விலை மற்றொன்று. இன்று நம் கைப்பேசியில் இறங்கும் செயலிகளுக்கும் இவ்விரு விலைகளும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்துக்கொண்டு மேலே செல்வோம். ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஊராருக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறார்கள் என்று கொள்வோம். வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத் தூர்வாரப் போகிறார்கள். ஊரார் மண்வெட்டியோடு வந்தால் வேலை நடக்கும், வராவிட்டால் நடவாது. இதற்கு ஓர் அறிவிப்புப் படமும் ஒரு நிமிடக் காணொளியும் தேவை. இவர்கள் எந்தக் கருவியைக் கொள்ளலாம்?

முதலில் அறிவிப்புப் படத்தை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியில் படம் இரு வகையாக அமைகிறது. கைப்பேசியால் எடுக்கும் புகைப்படம் எண்ணற்ற புள்ளிகளின் தொகுதி. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் குறித்து வைக்கப்படுகிறது. அதைப் பெரிதாக்கினால் புள்ளிகள் பருத்துப் படம் மங்கும். மற்றொரு வகை கோட்டுப்படம். இங்கிருந்து அங்குவரை இன்ன வளைவில் ஒரு கோடு என்று கணக்காகவே அது எழுதி வைக்கப்படுகிறது. அதை அஞ்சல் தலை அளவிலும் அச்சிடலாம், மதிலளவு துணியிலும் அச்சிடலாம், கூர்மை குறையாது. ஏரியின் புகைப்படம் முதல் வகை. மன்றத்தின் சின்னமும், ஏரிக்கு வழிகாட்டும் வரைபடமும் இரண்டாம் வகையாக இருத்தல் நலம். இந்த வேறுபாட்டை அறிந்தவுடன் கருவித் தேர்வில் பாதி முடிந்துவிடுகிறது.

புள்ளிப்படங்களைத் திருத்துவதற்குக் கிம்ப் என்னும் மென்பொருள் உள்ளது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை அது. அதன் மூன்றாம் பெரும் பதிப்பு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. கையால் வரைவதற்குக் கிரிட்டாவும், கோட்டுப்படங்களுக்கு 2003ஆம் ஆண்டில் தோன்றிய இங்க்ஸ்கேப்பும் இருக்கின்றன. இவை மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். தமிழில் இதை விளக்குவது எளிது. இலவசம் என்பதற்கும் விடுதலை என்பதற்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இலவசம் என்பது இன்று விலை கேட்கவில்லை என்ற அளவே பொருள்படும். கட்டற்றது என்றாலோ, அதை எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம்; அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம்; மாற்றலாம்; பிறருக்கும் கொடுக்கலாம். ஒருமுறை நம் கைக்கு வந்த பதிப்பை எவரும் திரும்பக் கேட்க இயலாது. இவற்றுக்கும் ஒரு விலை உண்டு, அது காலம். கிம்ப்பில் கைபழகச் சில வாரங்கள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தூர்வார இருப்பவர் வெள்ளிக்கிழமை மாலையில் அதைத் திறந்து உட்கார்ந்தால் அறிவிப்பு வெளிவராது.

அவசர வேலைக்குக் கான்வா போன்ற இணையச் சேவைகள் கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சேவையில் ஆயத்தமான வார்ப்புருக்கள் ஏராளம். சொற்களை மாற்றி, புகைப்படத்தை வைத்து, பத்து நிமிடங்களில் ஓர் அறிவிப்பை முடித்துவிடலாம். பள்ளிகளுக்குத் தனிச்சலுகையும் அளிக்கிறார்கள். ஆனால் சில படங்களும் சில வசதிகளும் சந்தா செலுத்துவோர்க்கே உரியவை. நாம் செய்த வடிவமும் அவர்கள் கிடங்கிலேயே இருக்கும். இணையம் இல்லாத இடத்தில் வேலை தடைப்படக்கூடும். ஆகவே இத்தகைய சேவையில் அறிவிப்பைச் செய்யலாம். ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டிய மன்றச் சின்னத்தை அங்கே மட்டும் வைத்திருத்தலாகாது. சின்னத்தை இங்க்ஸ்கேப்பில் ஒருமுறை பொறுமையாக வரைந்து, எஸ்.வி.ஜி. என்னும் பொது வடிவில் சேமித்துக்கொள்வதே அறிவுடைமை.

தமிழில் எழுதுவோர் கருவியை ஏற்குமுன் மற்றொரு சோதனையும் செய்தல் வேண்டும். ‘கொடை’, ‘கோலம்’, ‘வௌவால்’, ‘ஸ்ரீ’ என்னும் நான்கு சொற்களை அதில் தட்டச்சிட்டுப் பாருங்கள். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. ஆனால் கணிப்பொறியின் உள்ளே முதலில் ககரமும், அதை அடுத்து ஒகரக் குறியுமே பதிவாகின்றன. அவற்றை எடுத்துக் கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் கடமை. அந்த இலக்கணம் அறியாத கருவியில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறும். சில மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேடித் தேர்ந்தெடுத்தால்தான் எழுத்து ஒழுங்காக வரும். இச்சோதனையில் தவறும் கருவி, எத்துணை மலிவாயினும், நமக்குப் பயன்படாது. எழுத்துருக்களையும் ஒருங்குறி முறையில் அமைந்தவையாகவே கொள்ள வேண்டும். முற்காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். நோட்டோ, கட்டமரான், முக்த மலர், மீரா இனிமை போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்துடன் கிடைக்கின்றன. அவற்றைத் தயக்கமின்றி எடுத்தாளலாம்.

இனிக் காணொளிக்கு வருவோம். இங்கே கருவியைவிடக் கணக்கு முக்கியம். நிறைநுட்பக் காணொளியின் ஒரு சட்டகத்தில் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்தையும் குறிக்க மூன்று பைட்டுகள் வேண்டும். நொடிக்கு 30 சட்டகங்கள் என்றால், ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,100 கோடி பைட்டுகள், அதாவது 11 ஜிகாபைட் ஆகும். ஆனால் இணையத்தில் ஏற்றும்போது ஒரு நிமிடக் காணொளி 60 மெகாபைட் அளவிலேயே அமைந்துவிடுகிறது. எவ்வாறு? அடுத்தடுத்த சட்டகங்களில் பெரும்பகுதி மாறுவதில்லை. ஏரிக்கரையில் ஒருவர் நடந்துபோனால், கரையும் வானமும் அப்படியே இருக்கின்றன. நடப்பவர் மட்டும் இடம் மாறுகிறார். மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதை முன்னைச் சட்டகத்திலிருந்து எடுத்துக்கொள்வதே சுருக்க முறையின் அடிப்படை. சுருங்கியதை மீண்டும் விரித்துக் காட்டும் வேலை, தொகுக்கும் நேரம் முழுவதும், கணிப்பொறியின் தலையில் விழுகிறது. பழைய கணிப்பொறி திணறுவது இதனால்தான்.

ஆகவே காணொளிக் கருவியை, உங்களிடம் உள்ள பொறியின் வலிமைக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பு மிகச் சிறந்தது. திரைப்படத் துறையினர் கையாளும் நிறத்திருத்தக் கருவிகள் அதில் உள்ளன. ஆனால் குறைந்தது 16 ஜிகாபைட் நினைவகமும் நல்ல வரைகலை அமைப்பும் இருந்தால்தான் அது செவ்வனே இயங்கும். இலவச மென்பொருளுக்காகப் புதுக் கணிப்பொறி வாங்குவது, யாரோ கொடுத்த யானைக்குத் தீனி தேடி அலைவதை ஒக்கும். எளிய கணிப்பொறி உடையவர்க்குக் கேடென்லைவ், ஷாட்கட் என்னும் கட்டற்ற மென்பொருள்கள் பொருந்தும். இவற்றில் பதிலிப்படம் என்னும் வசதியும் உண்டு. பெரிய காணொளிக்குப் பதிலாக அதன் சிறு நகலை வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டுகிறோம். இறுதியில் வெளியிடும்போது மென்பொருள் தானே மூலத்தை எடுத்துக்கொள்கிறது. வெட்டுதல், ஒட்டுதல், எழுத்து இடுதல் என்ற அளவில் ஒரு நிமிடப் படத்துக்குக் கைப்பேசிச் செயலியே போதும். அதில் பார்க்க வேண்டியது ஒன்று: முடித்த படத்தின் மூலையில் அந்நிறுவனத்தின் முத்திரை விழுகிறதா? இதைப் படம் முழுவதையும் தொகுத்த பிறகு அறிந்து வருந்துவதைவிட, ஐந்து நொடித் துண்டு ஒன்றை முதலில் வெளியிட்டுப் பார்த்துவிடலாம்.

மலிந்த கருவியால் உயர்ந்த படைப்பு வராது என்று எவரேனும் சொன்னால் அஞ்ச வேண்டுவதில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை நடத்திவந்த நிறுவனம் மூடப்பட்டபின், 2002ஆம் ஆண்டில் அன்பர்கள் கூடி 1,00,000 யூரோ திரட்டி, அதன் உரிமையை மீட்டு, உலகுக்குப் பொதுவாக்கினார்கள். அந்தப் பிளெண்டரைக் கொண்டு லாட்வியா நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ என்ற படம், சிறந்த அசைவூட்ட முழுநீளப் படத்துக்கான ஆஸ்கார் விருதை 2025ஆம் ஆண்டில் பெற்றது. பேரளவு பொருள் செலவிட்டு எடுக்கப்பட்ட படங்களும் அதனோடு போட்டியிட்டன.

உள்ளே இருப்பதற்குக் கொடுக்கும் விலை என்று முன்னர்க் கூறினேன். அது சில வேளைகளில் திடீரென்று கேட்கப்படும். அடோபி நிறுவனம் 2013ஆம் ஆண்டில் தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில்தான் தரப்போவதாக அறிவித்தது. அதுவரை ஒருமுறை விலை கொடுத்து வாங்கியவர்கள், புதியது வேண்டுமாயின் மாதந்தோறும் செலுத்தும் நிலைக்கு வந்தார்கள். இந்திய அரசாங்கம் 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கோடு, காணொளி தொகுக்க உதவிய விவாவீடியோவும் அப்பட்டியலில் இருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் கேப்கட் என்ற தொகுப்புச் செயலி சட்டத்தின் காரணமாகத் திடீரென்று நின்று, பின்னர் மீண்டது. தடையின் நியாயம் இங்கே நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று. நேற்றிரவு தொகுத்து வைத்தது இன்று காலையில் திறவாமற்போகும் நிலை எவருக்கும் வரலாம் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இதற்கு மாற்று உண்டு. அதற்குப் பணமும் வேண்டா. கைப்பேசியால் எடுத்த மூலப் படங்களையும் குரற்பதிவையும் எக்காரணங்கொண்டும் அழித்துவிடாமல், செயலிக்கு வெளியே இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். முடித்த காணொளியை எல்லாக் கருவிகளும் அறிந்த எம்.பி.4 வடிவிலும், படத்தைப் பி.என்.ஜி. வடிவிலும் எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியில் சொல்லப்பட்ட உரையைத் தனியே ஒரு தாளிலேனும் எழுதி வையுங்கள். இவை உங்களிடம் இருக்குமாயின், ஒரு கருவி போனால் மற்றொன்றில் மீண்டும் செய்துகொள்ளலாம். விதைநெல் வீட்டில் இருக்கும்வரை உழவன் முற்றிலும் இழந்தவன் ஆகான்.

அடுத்தது பிறர் பொருள். இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் நமக்கு உரியதென்று கொள்வது பெரும்பிழை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஆசிரியரின் எழுத்துக்கு அவர் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை ஆனவை. அவற்றை எவரும் பாடலாம். ஆனால் ஒரு திரைப்படத்துக்காக அப்பாடலுக்கு அமைத்த இசைக்கும், பாடிப் பதிந்த ஒலித்தட்டுக்கும் தனி உரிமைகள் உண்டு. ஏரிப் படத்தின் பின்னணியில் அப்பதிவை ஒலிக்கவிட்டால், ஊடகத்தின் தானியங்கு சோதனை அதைக் கண்டு ஒலியை நிறுத்திவிடக்கூடும். மன்றத்தில் பாடத் தெரிந்த மாணவி ஒருவரைத் தாமே மெட்டமைத்துப் பாடச் சொல்லிப் பதிந்தால் அத்தொல்லை இல்லை. படத்துக்கும் அது தனியழகு தரும். புகைப்படங்கள் வேண்டுமாயின் 2004ஆம் ஆண்டு முதல் இயங்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் தேடலாம். அங்குள்ளவற்றில் பல, படைப்பாக்கப் பொதுமம் என்னும் உரிமத்தின்கீழ் வருபவை. எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுவது அவ்வுரிமங்கள் பெரும்பாலானவற்றின் நிபந்தனை.  ஒரு வரியில் பெயரைக் குறிப்பது பெரிய விலையன்று.

சொல்லைக் கொடுத்தால் படத்தை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்துள்ளன. இவை நாளுக்குச் சில படங்கள் என்ற அளவில் இலவசமாகத் தருகின்றன. அளவு மீறினால் கட்டணம் கேட்கின்றன. கற்பனைக் காட்சிக்கு இவை உதவும். ஆனால் படத்துக்குள்ளே தமிழ் எழுதச் சொன்னால் எழுத்துகளைப் பலமுறை சிதைத்துவிடும். எழுத்தை நாமே தனியாக இடுவது நல்லது. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. வறண்ட ஏரி ஒன்றைப் பொறி கற்பனையாக வரைந்து தர, அதை நம் ஊர் ஏரி என்று வெளியிட்டால், ஊரார் ஒருவர் ‘இது எந்த ஊர்?’ என்று கேட்ட கணத்தில் நம் சொல் மதிப்பிழக்கும். உண்மை போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை அவ்வாறே அறிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024ஆம் ஆண்டில் விதி செய்தது. விதி இல்லாவிடத்தும் அது நமக்குக் கடமை. தூர்ந்த கால்வாயைக் கைப்பேசியில் எடுத்த எளிய புகைப்படம் ஒன்று, அவ்வூர் மக்களை அசைக்கும் ஆற்றலில் எந்தக் கற்பனைப் படத்தினும் மேம்பட்டது.

மன்றத்திடம் சிறிது பணம் இருக்கிறதென்றால் அதை எதில் செலவிடுவது? பலர் மென்பொருளில் செலவிட எண்ணுகிறார்கள். நான் முதலிடம் தருவது ஒலிக்கு. மங்கலான படத்தைப் பொறுத்துக்கொண்டு பார்ப்பவர்கள்கூட, சொல் விளங்காத காணொளியைச் சில நொடிகளில் தள்ளிவிடுகிறார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு ஒலிவாங்கி ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும். அடுத்து, கைப்பேசியை அசையாது நிறுத்தும் முக்காலி. பிறகு, மூலங்களைச் சேமிக்க ஒரு வன்தட்டு. ஒளிக்குச் செலவே வேண்டா. காலை ஏழு மணியின் வெயிலும் மாலை ஐந்து மணியின் வெயிலும் ஏரிக்கரையில் எவர்க்கும் பொது. இவையெல்லாம் எந்தச் செயலி வந்தாலும் போனாலும் உங்களோடு இருப்பவை.

இதுவரை கூறியவற்றை, ஒரு கருவியை ஏற்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளாகச் சுருக்கலாம். என் வேலைக்கு இது பொருந்துமா? என்னிடமுள்ள பொறியில் இது ஓடுமா? தமிழைப் பிழையின்றிக் காட்டுமா? முடித்ததை முத்திரையின்றிப் பொது வடிவில் வெளியே எடுக்க விடுமா? நாளை இது நின்றுபோனால் என் கையில் என்ன மிஞ்சும்? இவ்வைந்துக்கும் தக்க விடை தரும் கருவிக்குச் சிறிது பணம் கொடுக்க நேர்ந்தாலும் அது மலிவே. ஐந்தாம் கேள்விக்கு விடை இல்லாத கருவி, இலவசமாக வந்தாலும் விலை கூடியதே.

நம் எடுத்துக்காட்டு மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கைப்பேசியால் படமெடுங்கள், கையில் உள்ள எளிய செயலியில் தொகுத்து, இன்றே வெளியிடுங்கள், மூலங்களைப் பத்திரப்படுத்துங்கள். தூர்வாரி முடித்து, மழை வந்து, ஏரி நிரம்புமுன் கிடைக்கும் விடுமுறையில் கிம்ப்பையும் இங்க்ஸ்கேப்பையும் கேடென்லைவையும் பொறுமையாகப் பழகிக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த ஏரியை அடுத்த படத்தில் காட்டும்போது, பழைய மூலங்களும் உங்களிடம் இருக்கும்; அவற்றைக் கையாளும் திறமையும் உங்களுடையதாகவே இருக்கும்.